விலாசம் இல்லாத தாய்க்கு யார் துணை?

(சங்கத்தின் மகளிர் கிளைக் கூட்டத்தில் ரயில்வே தோழர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மேடையில் அழகாகப் பேசத் தெரிந்தவர்கள் நமது சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் அந்த ரகம் அல்ல. டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து "எந்த ஊர், எத்தனை பேர்" என்று கேட்டே இருபது வருஷம் ஓடிவிட்டது. படிப்பும் பத்தாவதோடு சரி. ஆகவே கண்டதையும், செய்ததையும், செய்யத் தவறியதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். பின்னால் நிற்கிற தாய்மார்கள் தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைய விஷயம் உங்களுடையது.

2023 டிசம்பர் மாதம். தில்லிக் குளிரைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. இரவு ஷிப்டில் இருந்த நம் தோழர் ஒருவர் ஜன்னலில் ஒரு பெண்ணைக் கவனித்தார். பத்து ரூபாயை நீட்டி பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவாள். பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். இரண்டு மணி நேரம் ஆனதும் மறுபடியும் வந்து இன்னொன்று வாங்குவாள். மூன்றாவது நாள் இரவு தோழர் தமிழிலேயே கேட்டுவிட்டார்: "யாரைக் கூட்டிப்போக வந்திருக்கேம்மா? எந்த வண்டி?"

"யாரும் வரலை சார். டிக்கெட் இல்லாம உள்ள படுத்தா எழுப்பி விரட்டுறாங்க. அதான்."

ஆறு மாதக் கர்ப்பிணி. கையில் ஒரு துணி மூட்டை. டிக்கெட் இல்லாமல் பிளாட்பாரத்தில் படுப்பதும் தப்பு என்று நினைத்து, சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசை நமது இலாகாவுக்கே கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ரயில்வேயை ஏய்க்கிற எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்த தோழருக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அவள் கதை உங்களுக்குப் புதிதல்ல. தென்னாற்காட்டுப் பக்கம். கல்யாணமாகி, கொத்து வேலைக்குப் போகிற புருஷனோடு இங்கே வந்தவள். அந்த வருஷம் ஜி-20 மாநாட்டுக்காகத் தலைநகரம் அலங்காரம் செய்துகொண்ட மாதங்களில் எத்தனையோ ஜுக்கிகள் இடிபட்டன அல்லவா? அவர்களுடையதும் போயிற்று. வாடகைக்கு ஓர் அறை பிடித்தார்கள். வேலை தேடி வெளியூர் போகிறேன் என்று போன புருஷன் திரும்பவில்லை, போனும் அணைந்துவிட்டது. இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வயிறு வெளியே தெரிந்ததும் ஒரு வீட்டுக்கார அம்மாள், "வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது?" என்று நிறுத்திவிட்டார். வாடகை இரண்டு மாதம் பாக்கி. அறைக்காரன் மூட்டையைத் தூக்கி வெளியே வைத்தான்.

பிரசவ விடுப்பு 26 வாரம், அதுவும் சம்பளத்தோடு என்று 2017இல் சட்டத்தைத் திருத்தியபோது பத்திரிகைகள் எல்லாம் பாராட்டின. நாங்களும் பாராட்டுகிறோம். ஆனால் அதற்குப் பத்துப் பேராவது வேலை பார்க்கிற இடம் வேண்டும். பாத்திரம் தேய்க்கிற வீட்டில் பத்துப் பேருக்கு எங்கே போவது? கட்டடத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, 1996ஆம் வருஷத்துச் சட்டத்தால் வந்தது. 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்ததாகச் சான்று காட்டிப் பதிவு செய்துகொண்டால் பிரசவ உதவியும் உண்டு. சித்தாள் வேலைக்குப் போகிற நமது பெண்களில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ... சரி, அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போடுவோம்.

இனிமேல் சொல்வது எங்களைப் பற்றிய குற்றப்பத்திரிகை.

அந்தப் பெண்ணை மறுநாள் சங்க அறைக்கு அழைத்து வந்தோம். அன்று அங்கே இருந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "குடும்பத்தோடு வந்து போகிற இடம்" என்றார் ஒருவர். "தாலி கட்டினவன்தானா என்று விசாரித்தீர்களா?" என்றார் இன்னொருவர். சாதி என்ன என்றுகூட ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. சமத்துவம் பேசுகிற பத்திரிகை நடத்துகிற நமது சங்கத்தின் அறையில்தான் இந்தப் பேச்சு நடந்தது. நாங்கள் என்ன செய்தோம்? வாயை மூடிக்கொண்டு நின்றோம். டீ வாங்கிக் கொடுத்து, கையில் இருநூறு ரூபாய் வைத்து, ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறோம் என்றோம். கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, டாக்டர் சான்று காட்டினால் போதும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் படுத்துக்கொண்டே போய்விடலாம் என்று தெரிந்த விஷயத்தை மட்டும் பெருமையாகச் சொன்னோம்.

அவள் சொன்னாள்: "ஊர்ல வீடு இருந்தா நான் ஏண்ணே இங்க படுக்கிறேன்?"

அன்று இரவும் அவள் ஸ்டேஷனுக்குத்தான் போனாள்.

வீடு திரும்புகிற வழியில் நமது மூத்த தோழர் ஒருவர் பழைய சங்கதி ஒன்றை ஞாபகப்படுத்தினார். சேலத்திலிருந்து 1961இல் பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர் பி. அங்கமுத்து. நிலமற்ற கூலி, வறட்சியில் வேலை போனதால் ஊரை விட்டவர். மேற்கு எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் கட்டிப் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தார். 1981 ஜூலையில் மாநகராட்சி அதை இடித்து, குடும்பத்தையே சேலம் போகிற பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது. அங்கமுத்து என்ன செய்தார்? குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலை தேடி மறுபடியும் பம்பாய்க்கே வந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1985 ஜூலையில் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு அதுதான். பிழைப்புக்கு வழி இல்லாமல் உயிர் வாழும் உரிமை இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். முன்னறிவிப்புக் கொடுத்து இடிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் சொன்னார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கியது போலத்தான். ஆனாலும் வக்கீல்கள் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிற அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் நம்மைப் போல ஊரை விட்டு வந்த தமிழர்.

மூத்த தோழர் கேட்டார்: "அன்றைக்கு சர்க்கார் பஸ்ஸில் ஏற்றியது. இன்றைக்கு நாம் ரயிலில் ஏற்றப் பார்த்தோம். வித்தியாசம் கீழ்ப் படுக்கை மட்டும்தானா?"

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் விடிவதற்குள் அவளைத் தேடிப் போனோம். இந்த முறை எங்களோடு வந்தவர் ஐந்து வீடுகளில் வேலை செய்கிற நமது அக்கா ஒருவர். இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், பெயரைச் சொல்லக் கூடாது என்று காலையிலேயே எச்சரித்துவிட்டார். அக்கா ஒன்றும் விசாரிக்கவில்லை. "எத்தனை மாசம்? டாக்டர்கிட்ட காட்டினியா? காலு வீங்குதா?" இந்த மூன்று கேள்விகள்தான். டாக்டரிடம் ஒருமுறைகூடக் காட்டவில்லை. ஆறு மாதமாகத் தடுப்பூசி இல்லை, இரும்புச் சத்து மாத்திரை இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை.

அக்காவின் வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர். ஆகவே பெண்களுக்கான ரைன் பஸேரா ஒன்றுக்குப் போனோம். இரவுத் தங்குமிடம் என்று நம் பத்திரிகையில் எழுதுகிறோமே, அது. தில்லி நகர்ப்புறத் தங்குமிட மேம்பாட்டு வாரியம் நடத்துகிறது, காசு கிடையாது. ஐந்து லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று வீதம் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிற தங்குமிடம் வேண்டும் என்பது, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. 2011 ஜனக் கணக்கில் வீடற்றவர்கள் என்று நாடு முழுவதும் எண்ணப்பட்டவர்கள் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். பிளாட்பாரத்தில் டிக்கெட் வாங்கிப் படுத்தவர்கள் அதில் சேர்ந்தார்களோ இல்லையோ.

கம்பளி கிடைத்தது, கூரை கிடைத்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பதிய வேண்டுமே? அங்கேதான் சிக்கல்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. ஜன்னலில் இருந்தவரும் நம்மைப் போலக் குமாஸ்தாதான். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். விலாசம் தமிழ்நாடு. "இது எங்கள் ஏரியா இல்லை. உள்ளூர் விலாசம் கொண்டு வா. புருஷனைக் கூட்டி வா" என்று அட்டையைத் திருப்பித் தள்ளினார். உண்மையைச் சொன்னால், அவர் முகத்தில் எங்கள் முகத்தைத்தான் பார்த்தோம். வரிசை நீளமாக நிற்கும்போது "அடுத்த கவுண்டர்" என்று சொல்லி எத்தனை பேரை நாமும் தள்ளிவிட்டிருக்கிறோம்!

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? இதைக் கவனமாகக் கேளுங்கள், தாய்மார்களே.

2009ஆம் வருஷம் மே மாதம் இதே தில்லியில், ஜங்புராவில், வீடில்லாத ஏழைப் பெண் ஒருத்தி வலிப்பு நோயோடு மரத்தடியில் பிள்ளை பெற்றாள். பட்டப்பகலில், போகிற வருகிற ஜனங்கள் பார்க்க. பக்கத்திலேயே பிரசவ விடுதி இருந்தது. அந்தப் பெண்ணின் தாய் போட்ட வழக்கையும், 2010 ஜனவரியில் பிரசவத்தில் செத்துப்போன இன்னொரு ஏழைப் பெண்ணின் வழக்கையும் சேர்த்து விசாரித்துத் தில்லி உயர் நீதிமன்றம் 2010 ஜூன் 4ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி எஸ். முரளிதர், சென்னையில் வக்கீல் தொழில் தொடங்கியவர். அந்தத் தீர்ப்பின் சாரம்: கர்ப்பிணி எந்த நிலையில் வந்தாலும் வைத்தியம் மறுக்கக் கூடாது, ஏழை என்று நிரூபிக்கக் காகிதம் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது, ஒரு மாநிலத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று பதிவானவருக்கு வேறு மாநிலத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரி உரிமை கூடவே போக வேண்டும். புலம்பெயர்ந்து பிழைக்கிற நமக்கென்றே எழுதியது போல இருக்கிறதல்லவா? மரத்தடியில் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாய் நஷ்டஈடும் கிடைத்தது.

அதே வருஷம் கன்னாட் பிளேஸ் பகுதியில் தெருவிலேயே பிரசவித்து ஒரு பெண் செத்துப்போன செய்தி பத்திரிகையில் வந்தது. யாரும் மனுப் போடாமலே உயர் நீதிமன்றம் அதை வழக்காக எடுத்துக்கொண்டது. ஆதரவற்ற கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் தனியாக இல்லங்கள் அமைக்கும்படி 2010 அக்டோபரில் தில்லி அரசுக்கு உத்தரவிட்டது.

உத்தரவுகள் இருக்கின்றன, தோழர்களே. ஆனால் அவை ஆஸ்பத்திரி ஜன்னலுக்குத் தாமாக நடந்து வராது. நாம்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை அச்செடுத்து, மறுநாள் அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜன்னலில் சண்டை போடவில்லை. உள்ளே சமூகப் பணியாளர் என்று ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பார். பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அந்த மேஜை எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும். அவரிடம் காட்டினோம். அவர் தீர்ப்பை முழுக்கப் படிக்கக்கூட இல்லை, பெண்ணின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லையே" என்றார். பத்து நிமிஷத்தில் பதிவு முடிந்து தாய் சேய் அட்டை கைக்கு வந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டிய இடத்தில் 7.6 இருந்தது. ஊசி மூலம் இரும்புச் சத்து ஏற்றினார்கள். அன்றைக்கும் ஜன்னலிலிருந்தே திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பணம் காசு விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2011 ஜூனில் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு மூன்று நாளும் ஆபரேஷனுக்கு ஏழு நாளும் சாப்பாடு உண்டு. போக வர வண்டியும் உண்டு, 102க்குக் கூப்பிடலாம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ரசீது கேளுங்கள், உடனே அடங்கிவிடுவார்கள். 2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அங்கன்வாடியில் சாப்பாடும், 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியும் என்கிறது. 2017இல் திட்டம் வந்தபோது 6,000 என்பது 5,000 ஆனது, அதுவும் முதல் பிள்ளைக்கு மட்டும். இரண்டாவது பெண்ணாக இருந்தால் கொடுக்கலாம் என்று 2022இல் சேர்த்தார்கள். குறைகிற ஆயிரம் எங்கே என்றால், ஜனனி சுரக்ஷா பணத்தோடு சேர்த்துச் சராசரி போட்டால் ஆறாயிரம் வந்துவிடும் என்கிறார்கள். தில்லி போன்ற நகரத்தில் ஜனனி சுரக்ஷா 600 ரூபாய். ஐயாயிரமும் அறுநூறும் எத்தனை? குமாஸ்தாக்களுக்கே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்!

வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியே வந்த பெண்ணாக இருந்தால் 181க்குக் கூப்பிடுங்கள். சகி மையத்தில் சில நாள் தங்க வைப்பார்கள், அங்கிருந்து சக்தி சதன் இல்லத்துக்கு அனுப்ப வழி உண்டு. கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் வருஷத்துச் சட்டம், 15100 என்ற எண். எழுதிக்கொள்ளாதவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பழைய கதை, ஒரு பெண்ணின் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 ஜூன் 1ஆம் தேதி ஜங்புரா மதராஸி கேம்ப் இடிந்தது. மரத்தடிப் பிரசவம் நடந்த அதே ஜங்புரா. பாராபுல்லா கால்வாய்க்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்ற உத்தரவோடு இடித்தார்கள். ஏறக்குறைய 370 வீடுகள், தலைமுறை தலைமுறையாக நமது ஜனங்கள் இருந்த இடம். 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் வீடு என்றார்கள். மீதிப் பேர் தகுதி இல்லாதவர்கள். நரேலா எங்கே இருக்கிறது, ஜங்புராவில் பாத்திரம் தேய்க்கிற வீடு எங்கே இருக்கிறது! வீடு கிடைத்தவர்களுக்கே வேலை தூரமாகிவிட்டது. இடிக்கப்பட்ட ஜுக்கியோடு ஒரு கர்ப்பிணிக்குப் போவது கூரை மட்டுமல்ல. அவளைப் பதிந்து வைத்திருந்த அங்கன்வாடி, மாத்திரை கொண்டுவந்து கொடுத்த ஆஷா சகோதரி, ராத்திரி வலி எடுத்தால் கதவைத் தட்டப் பக்கத்து வீட்டு அக்கா, எல்லாமே போகிறது. இடிப்பதற்கு முன் எடுக்கிற சர்வேயில் எத்தனை சுவர், எத்தனை ரேஷன் கார்டு என்று எண்ணுகிறார்கள். எந்த வீட்டில் எத்தனை மாதக் கர்ப்பிணி என்ற கேள்வி அந்தத் தாளில் இருக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. மகஜர் தயாராகிக்கொண்டிருக்கிறது, கையெழுத்துப் போடாமல் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2024 மார்ச்சில் பெண் குழந்தை. இரண்டு கிலோ நானூறு. பிறப்புப் பதிவுக்குத் தாளை நிரப்பும்போது மறுபடியும் அதே இரண்டு கட்டங்கள்: தகப்பன் பெயர், விலாசம். தகப்பன் பெயரை எழுத மாட்டேன் என்றாள். எங்களில் சிலர் "எழுதிவிடும்மா, பின்னால் தொந்தரவு" என்று சமாதானம் சொன்னோம். அக்காதான் எங்களை வாயடைக்க வைத்தார். தகப்பன் பெயரைச் சொல்லாத தாய்க்கும் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும், தனித்துப் பெற்ற தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும் என்று 2015 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை அக்காவுக்குச் சொன்னவர் அவர் வேலை பார்க்கிற வீட்டு வக்கீல் அம்மாள். இவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, ஆகவே அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்துமா என்று சந்தேகம் கிளப்பினோம். "எழுதுறது அவ இஷ்டம், கேக்கிறது நம்ம வேலை" என்றார் அக்கா. கடைசியில் எழுதினாளா இல்லையா என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை, அது அவள் விஷயம்.

விலாசம் என்ற கட்டத்தில் சங்க அறையின் கதவு எண்ணை எழுதினோம். இதற்காக நிர்வாகக் குழுவில் மூன்று மணி நேரம் வாக்குவாதம். "நாளைக்குக் கோர்ட்டு நோட்டீஸ் வந்தால் யார் வாங்குவது?" "எல்லோரும் வந்து எழுதச் சொன்னால்?" நியாயமான கேள்விகள்தான். ஓட்டுக்கு விட்டோம், இரண்டு ஓட்டில் ஜெயித்தோம். தாலியைப் பற்றிக் கேட்ட பெரியவர் எதிர்த்தே ஓட்டுப் போட்டார். ஆனால் குழந்தையின் தொட்டிலுக்குப் பழைய வேட்டி கொண்டு வந்தவரும் அவரே. மனிதர்கள் இப்படியும் இருக்கிறார்கள்.

இப்போது சங்க அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். கூடப் போகிறவர்கள் பட்டியல். கர்ப்பிணி ஒருத்தி ஆஸ்பத்திரிக்கோ, தங்குமிடத்துக்கோ, வங்கிக்கோ போக வேண்டுமானால் இந்தி பேசத் தெரிந்த, ஜன்னலில் பயப்படாத ஒருவர் கூடப் போக வேண்டும். இதுவரை பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. வருகிற 9ஆம் தேதி நான்கு பேர் போக வேண்டியிருக்கிறது. கூடப் போக இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ரயில்வேத் தோழர்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டாவது வரலாம். நோட்டு வாசலில் மேஜை மேல் இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.